கரண்டை நம்பாத சிஸ்டர்

எங்கள் ஊரில் கடவுளை நம்பாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கென்று கூட்டம், மேடை, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. ஆனால் கரண்டை நம்பாதவர் என்று நெய்வேலியின் அத்தனை பிளாக்குகளையும் சலித்துப் பார்த்தாலும் ஒரே ஒருவர்தான் தேறுவார். அவர் ஒரு நர்ஸ். அவருக்கு மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. இருந்திருந்தாலும் ஒலிபெருக்கிக்குக் கரண்ட் வேண்டும் என்பதால் அதைத் தொட்டிருக்க மாட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய குற்றம் என்று புரியாது. பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரியை எடுத்து எரித்து, நாலைந்து மாநிலங்களுக்கு விளக்கேற்றுகிற ஊர் எங்களுடையது. என் அப்பா அனல்மின் நிலையத்தில் பெர்மனன்ட். பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமா மைன்ஸில் பெர்மனன்ட். எதிர் வீட்டில் நாகர்கோவில்காரர், பின் வீட்டில் தெலுங்குக்காரர். குழம்பு வைப்பதில் ஆளுக்கொரு கட்சி என்றாலும் கரண்ட் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே பெருமை. சென்னையில் மின்வெட்டு என்று செய்தி வந்தால், நாங்கள் படியளப்பதைச் சாப்பிடுகிறவர்களைப் பற்றிப் பேசுவது போல, "அய்யோ பாவம்" என்போம். எங்களுக்கும் அவ்வப்போது கரண்ட் போகும். அப்போது யாராவது ஒருவர், ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழனிப்பானையில் விழுந்த கதையைச் சொல்வார். சிரித்து முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிடும்.

நான் பெர்மனன்ட் ஆகவில்லை. டிப்ளமா முடித்து, அப்பாவுக்குத் தெரிந்த அதிகாரிகள் எல்லோரும் ஓய்வு பெறும்வரை காத்திருந்தேன். கடைசியில், நகரியத்தைத் தாண்டி முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில் இருந்த ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். முப்பது கட்டில்கள் கொண்ட சின்ன ஆஸ்பத்திரி. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. சூப்பர்வைசர் என்றால் எனக்குக் கீழே மேற்பார்வை செய்ய ஒருவரும் கிடையாது. பல்பு மாற்றுவதும் நான்தான், மாற்றியது சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் நான்தான்.

சேர்ந்த அன்றே அவர் என்னைத் தேடிவந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். குள்ளமான உருவம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை, இடுப்பில் கட்டுத்துணியால் கட்டித் தொங்கவிட்ட ஒரு டார்ச் லைட். பட்டப்பகலில் டார்ச்சோடு நடமாடுகிற முதல் மனுஷியை அன்றுதான் பார்த்தேன்.

"நீங்கதான் புதுசா வந்த கரண்ட்டு தம்பிங்களா?"

சூப்பர்வைசர் என்று திருத்தினேன்.

"கரண்ட்டு போனா என்னா ஆவும் தம்பி?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினேன். பின்கட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது, அதை இயக்குகிற பேனல் ஆட்டோவில் இருக்கிறது, கரண்ட் போனால் யாரும் தொட வேண்டியதில்லை, பதினைந்து செகண்டில் தானாக ஓடும் என்றேன்.

"வராட்டி?"

"வரும் சிஸ்டர்."

"வருங்கறத நீங்க பாத்துக்குங்க தம்பி. வராட்டிங்கறத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த 'வராட்டி'தான் அவருடைய மொத்த வேதம். ஆஸ்பத்திரிக்கு எது புதிதாக வந்தாலும் பக்கத்தில் நின்று ஒரு முறை அதைச் சொல்வார். கருவிகளை வேகவைக்கும் மின்சாரப் பெட்டி வந்தபோது, பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் துடைத்து, திரி மாற்றி, அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தார். பெட்டியை விற்க வந்த இளைஞனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மோட்டார் ஓடி மேல் தொட்டி நிறைந்து வழிந்தாலும், வார்டு மூலையில் நான்கு வாளித் தண்ணீர் மூடி போட்டு நிற்கும். தினமும் காலையில் அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஆயாக்கள் அவரைத் திட்டாத நாளில்லை. வாளிகளோ ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

ஒரு மதியம் வார்டுக்குப் போனேன். எல்லா நோயாளிகளும் மூச்சுவிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டில் கட்டிலாகத் தொட்டு நடந்துகொண்டிருந்தார். வாய் எண்ணிக்கொண்டிருந்தது. மருந்து அலமாரியில் போய் முட்டி, கண் திறந்து, "நேத்து யாரோ ஸ்டூல நவுத்திட்டாங்க, ஒரு அடி கொறயுது" என்றார். கும்மிருட்டில் எந்த மருந்து எங்கே என்று கை சொல்ல வேண்டுமாம். எட்டாம் கட்டிலில் இருந்த பெரியவர், தன்னை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்படி அன்றே மகனிடம் கேட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். அவருடைய கணவர் மைன்ஸில் ஃபிட்டர். நல்ல மனிதர். போனஸ் வந்த வருடம் ஆசை ஆசையாக ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினார். சிஸ்டர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அதில் சர்ச்சுக்குக் கட்டுகிற புடவைகளை அடுக்கிவிட்டார். பூச்சி வராதாம். "என் வூட்டுல மட்டுந்தான் தம்பி, மீனு வெளிய கெடக்கும், புடவ குளுரும்" என்று அந்த மனிதர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். கிறிஸ்துமஸுக்கு அந்த பிளாக் முழுக்க நட்சத்திரங்களுக்குள் பல்பு எரியும். இவர் வீட்டு நட்சத்திரத்துக்குள் மட்டும் ஒரு சின்ன எண்ணெய் விளக்கு. ஒரு வருடம் நட்சத்திரமே பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டார் வாளியோடு ஓடிவந்து அணைத்தார்கள். அணைத்தது யாருடைய தண்ணீர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் அவர்களுக்கு ஒரு தட்டு பலகாரம் அனுப்பினார். விளக்கை மட்டும் விடவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை சரியாகப் பதினொரு மணிக்கு, சிஸ்டர் வார்டு வராந்தாவில் இருக்கும் மெயின் சுவிட்சைப் போய் இழுத்து அணைப்பார். யாரிடமும் கேட்க மாட்டார், யாருக்கும் சொல்ல மாட்டார். மின்விசிறிகள் ஓயும். டாக்டர் தன் அறையில் இருந்து, நோயாளிகள் முன்னால் பேசக்கூடாத ஒரு வார்த்தையைப் பேசுவார். சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். பின்கட்டில் ஜெனரேட்டர் உறுமி எழுந்து, புகை கக்கி, விசிறிகள் மறுபடி சுழலும். "பதினாலு" என்பார். அல்லது "பதினேழு" என்று சொல்லி என் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அதற்குள் இரண்டு சின்ன நர்சுகளும் ஆம்பு பையை எடுத்து வந்து நின்றிருக்க வேண்டும். மூச்சு நின்றவருக்குக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கிற ரப்பர்ப் பை அது. முகமூடி எங்கே, ஆக்சிஜன் குழாய் எங்கே என்று கேள்வி வேறு கேட்பார். சினிமா பார்க்கப் போகிற வயதில் அந்தப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தலையணைக்கு மூச்சுக் கொடுத்தார்கள்.

எனக்கு அது என் முகத்தில் துப்புகிற மாதிரி இருந்தது. என் ஜெனரேட்டர், என் பேனல், என் ஊர்க் கரண்ட். வாரம் ஒரு முறை என் நாணயத்தை ஊர் முன்னால் சோதிக்க இவர் யார்? நானும் என் பங்குக்கு அவரைப் பழிவாங்கினேன். அவருடைய குரலில் 'வராட்டி' சொல்லிக் காட்டுவதில் நான் கைதேர்ந்தவனானேன். டாக்டரே டீ நேரத்தில் "எங்கே, ஒரு தடவை செய்யுங்க" என்று கேட்பார். ஜெனரேட்டர் அறைக்கு மாற்றுச் சாவி ஒன்று வார்டில் வேண்டும் என்று சிஸ்டர் இரண்டு முறை எழுதிக் கேட்டார். விதிப்படி இயலாது என்று பதில் எழுதினேன். அப்படி ஒரு விதி கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம், ஒரு நன்கொடையாளர் எங்களுக்கு ஒரு வென்டிலேட்டர் கொடுத்தார். அந்த வட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் அதுவரை யாரும் பார்த்திராத பொருள். பழைய மாடல், உள்ளே பேட்டரி கிடையாது, ஆனாலும் மாலை போட்டுப் பொட்டு வைத்தோம். ஒப்படைப்பு விழா வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. அறக்கட்டளைச் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தம்மா சுவிட்சை இழுத்தா ஜெனரேட்டர் சத்தமும் புகையும் வந்து மானம் போயிடும். அன்னிக்கு ஒரு நாள் சத்தம் வரக்கூடாது. என்ன செய்வீங்களோ, உங்க பொறுப்பு."

எனக்குத் தேன் குடித்தது போல இருந்தது. பேனலின் குமிழைத் தானாக ஓடுகிற ஆட்டோவில் இருந்து, ஆள் வந்து ஓட்டுகிற மேனுவலுக்குத் திருப்பினேன். அறையைப் பூட்டினேன். எப்போதும் வாட்ச்மேன் அறையில் ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளி பதினொரு மணிக்கு சிஸ்டர் சுவிட்சை இழுத்தார். பதினைந்து செகண்ட் போயிற்று, அரை நிமிடம் போயிற்று, பின்கட்டில் ஒரு இருமல்கூட இல்லை. முன்கட்டு வேறு லைன் என்பதால் அங்கே விழா இடைஞ்சலின்றி நடந்தது. அவர் சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். 'ஜெனரேட்டர் வரவில்லை. உடனே பார்க்கவும்.' அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செயலாளரோடு கேக் சாப்பிடப் போனேன். அன்று முழுக்க எனக்கு நல்ல மனநிலை.

சனிக்கிழமை காலை ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முந்திரித் தோப்பில் சருகு கூட்டும்போது நல்ல பாம்பு கடித்திருந்தது. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவன் கூலி வேலைக்காரன், காலில் செருப்பில்லாமல் அழுதுகொண்டு நின்றான். விஷமுறிவு மருந்து ஏற்றியும் மூச்சு இறங்கிக்கொண்டே போனது. பொட்டு அழியாத வென்டிலேட்டரை இழுத்து வந்து மாட்டினார்கள். இரண்டு மூன்று நாள் இயந்திரம் மூச்சுவிட்டால் பிழைத்துக்கொள்வாள், அதுவரை கை, கால், இமை எதுவும் அசையாது, ஆனால் எல்லாம் காதில் விழும் என்று டாக்டர் சொன்னார். சிஸ்டர் அதைக் கேட்டதில் இருந்து அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. யாராவது பக்கத்தில் நின்று 'பொழைக்குமா' என்று பேசினால் விரட்டினார்.

மாலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, நேத்து ஜெனரேட்டர் வரல. சீட்டு எழுதினேனே, பாத்தீங்களா?"

"பார்த்தாச்சு சிஸ்டர். சரி பண்ணி ஆட்டோல போட்டாச்சு."

பொய். அரை நிமிட வேலை அது. போகும்போது போட்டுவிடலாம் என்று நினைத்தேன். 'நான்தான் அணைத்து வைத்தேன்' என்று இவரிடம் சொல்ல வேண்டாமே என்றும் நினைத்தேன்.

அவர் வராந்தா சுவிட்சைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். "இப்ப என்னால இழுத்துப் பாக்க முடியாது தம்பி, இந்தப் பொண்ணு மெசின்ல இருக்குது" என்றார். "உங்க பேச்ச நம்பி உடறேன்."

எனக்குத் தெரிந்து, அவர் தன் உத்தியோகத்தில் கரண்ட் விஷயத்தில் ஒருவர் வாய்வார்த்தையை நம்பியது அந்த ஒரு முறைதான். நான் பின்கட்டுப் பக்கம் போகாமல் நேராக வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு நண்பன் வண்டியை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தான், மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. நண்பன் வீட்டில் குழந்தைக்குக் காதுகுத்து. குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல் போட்டுப் பந்தி நடந்தது. எங்கள் வீட்டில் இருந்து எல்லோரும் வந்திருந்தோம். இலையில் சாம்பார் சாதம் முடிகிற நேரம், வெயில் மறைந்து பேய்க்காற்று அடித்தது. கிளை முறிகிற சத்தம் கேட்டது. மின்விசிறி நின்றது.

"நெய்வேலிலயே கரண்ட் போச்சா" என்று யாரோ தொடங்கினார்கள். பல்லிக் கதை வந்தது. எனக்கு மேடை கிடைத்துவிட்டது. இந்நேரம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா டார்ச்சை ஏற்றிக்கொண்டு கொண்டாடும் என்று ஆரம்பித்து, கண்ணை மூடி நடப்பதை நடித்துக் காட்டினேன். புடவை ஃபிரிட்ஜ், எரிந்த நட்சத்திரம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். 'வராட்டி' சொன்னபோது ஒருவருக்குப் புரை ஏறியது. பாயசம் வந்தது. குடித்துவிட்டு இன்னொரு முறை வாங்கினேன். ஜெனரேட்டர் இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அது தானாக ஓடுகிற ஜெனரேட்டர் அல்லவா?

கை கழுவிவிட்டுக் கைக்குட்டை எடுக்கப் பையில் கை விட்டேன். சாவி விரலில் பட்டது.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பது எனக்கே துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. டிவிஎஸ் ஃபிஃப்டியை மழையில் விரட்டினேன். சாலையில் கிடந்த கிளையில் ஏறி விழுந்து முட்டி கிழிந்தது. ஆண்டவனே, அந்தப் பெண் என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனது ஞாபகம் இருக்கிறது.

ஜெனரேட்டர் அறை முன்னால் வாட்ச்மேன் கையில் ஒரு கருங்கல்லோடு நின்றிருந்தார்.

"ஒடைக்கச் சொல்லிச் சிஸ்டர் சத்தம் போட்டாங்க சார். ஒடைச்சா யாரு பதில் சொல்றதுன்னு செகரட்டரி சாருக்குப் போன் போட்டேன். தூங்கறாராம். உங்க வூட்டுக்கும் போட்டேன், ஆரும் எடுக்கல."

திட்ட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. பூட்டைத் திறந்தேன், குமிழைத் திருப்பினேன். ஜெனரேட்டர் இரண்டு முறை செருமிவிட்டு அடங்கிவிட்டது. மூன்று நாளாக யாரும் எட்டிப் பார்க்காத அறையில் டீசல் குழாயில் காற்று ஏறியிருந்தது. வாட்ச்மேனுக்கு அந்தக் காற்றை எடுக்கத் தெரியும், அதற்கான பம்பைக் காட்டி அடிக்கச் சொல்லிவிட்டு வார்டுக்கு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியவில்லை. உயிர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஓடியிருப்பேன்.

சிஸ்டர் கட்டிலின் தலைமாட்டில் நின்று ஆம்பு பையை அமுக்கிக்கொண்டிருந்தார். ஞாயிறு மதியம் என்பதால் வார்டில் அவர் ஒருவர்தான். டாக்டரும் இன்னொரு நர்ஸும் பிரசவ அறையில், தலையும் பாதி உடம்பும் மட்டும் வெளியே வந்த ஒரு குழந்தையோடு மாட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்களால் வர முடியாது. அரை மணி நேரமாக அந்த ஐம்பத்து மூன்று வயதுக் கைகள் மட்டும். முகத்தில் வியர்வை ஊற்றியது, துடைக்கக் கை இல்லை. என்னைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"வாங்க தம்பி, புடிங்க. வெரலு மரத்துப்போச்சு."

"எனக்குத் தெரியாது சிஸ்டர்."

"நீங்க மூச்ச இழுக்கும்போது அமுக்குங்க. உடும்போது உடுங்க. அவ்ளோதான்."

பிடித்தேன். நான் இழுத்தேன், அமுக்கினேன். அவள் மார்பு உயர்ந்தது. என் மூச்சில் இன்னொரு ஆள் உயிரோடிருப்பதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் நான் மழையில் ஓடிவந்தவன், பயத்தில் நாய் போல இரைத்துக்கொண்டிருந்தவன். பையும் அதே வேகத்தில் போனது.

"மெதுவா" என்றார் சிஸ்டர் என் காதோரம். "உங்க பயத்த எடுத்து அந்தப் பொண்ணுக்குள்ள ஊதாதீங்க."

அவர் ஒரு கையால் மற்றக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே, அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவில்லை. நான்கைந்து நிமிடம் கழித்துப் பின்கட்டில் சத்தம் எழுந்தது. விளக்கு வந்தது, இயந்திரம் ஓடியது. பையை என் கையில் இருந்து அவர்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை விசாரணை. செயலாளர், டாக்டர், சிஸ்டர், நான். செயலாளர் பெருந்தன்மையோடு இருந்தார். அவருக்கும் பெருந்தன்மைக்குக் காரணம் இருந்தது. "பேனல் கோளாறுன்னு எழுதிடலாம். புதுசா ஒண்ணு வாங்கிடலாம். நம்ம பையன் வாழ்க்கை" என்றார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். முந்தின நாள் இரவு அவர் கேட்டபோது நடந்ததை மறைக்காமல் சொல்லியிருந்தேன். அவர் காக்கும் தெய்வமாக வாய் மூடி இருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய கழுத்துச் சிலுவையை அவ்வளவு பக்தியோடு நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"பேனல் நல்லாத்தான் கீது" என்றார் சிஸ்டர். "பேனல் மேல எழுதினா புதுப் பேனல் வரும். இவரு கை அதேதான இருக்கும்? இவருதான் திருப்பி வெச்சி, சாவிய எடுத்துகினு போனாருன்னு எழுதுங்க. சத்தம் வேணான்னு நீங்க சொன்னீங்களாம், அதயும் எழுதுங்க. எம் பேரயும் எழுதுங்க."

"உங்க பேர் எதுக்கும்மா?"

"பாக்காம நம்புனேன்ல சார்."

மூன்று பேர் பெயரும் வந்த பிறகு விசாரணை வெகு சீக்கிரம் முடிந்தது. எனக்கு மெமோ கிடைத்தது. வார்டில் ஒரு ஆணி அடித்து மாற்றுச் சாவி மாட்டினார்கள். அந்தம்மா என் பிழைப்பில் மண் போட்டுவிட்டார் என்று நான் ஊர் முழுக்கச் சொன்னேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சுவிட்சை இழுத்தார், "பதினாலு" என்றார், போனார்.

ஜூன் கடைசியில் அந்தப் பெண் வந்தாள். கணவன் தோளில் ஒரு பலாப்பழம். எங்கள் பக்கத்துப் பலாவுக்கு அறிமுகம் தேவையில்லை, வார்டு முழுக்க மணத்தது. சிஸ்டர் எனக்கு ஆளனுப்பினார். பழம் அறுக்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்து முறைப்பாகத்தான் போனேன்.

"இவருதான் தாயி அன்னிக்கிச் சாவியோட வந்தவரு" என்றார்.

அந்தப் பெண் எழுந்து என்னைக் கும்பிட்டாள். கும்பிட்ட கையைப் பார்க்க எனக்குக் கூசியது.

"எல்லாம் காதுல உழுந்துகினே இருந்திச்சி சார்" என்றாள். "மெசினு நின்னுச்சி, எல்லாம் அடங்கிப்போச்சு. செத்துட்டேன்னுதான் நெனச்சேன். அப்பறம் சிஸ்டரம்மா காதாண்ட வந்து சொல்லிகினே இருந்தாங்க. 'பயப்படாத தாயி, எங்க தம்பி வந்துகினே இருக்காரு. கரண்ட்டு போனா எங்க இருந்தாலும் ஓடியாந்துருவாரு. பாதி தூரம் வந்துட்டாரு, தோ, கேட்டாண்ட வந்துட்டாரு'ன்னு. நானு ஒங்களத்தான் நெனச்சிகினு கெடந்தேன். மூஞ்சி தெரியாது. ஆரோ ஒருத்தர் எனக்காவ மழையில வராருன்னு நெனச்சிகினு கெடந்தேன். நடுவுல கொஞ்ச நேரம் மூச்சு கன்னாபின்னான்னு வந்திச்சி, அப்பதான் பயமாப்போச்சு. மத்தபடி பயமே இல்ல சார்."

அவள் கணவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கைகளில் பலாப்பால் பிசுபிசுத்தது. அவன் இன்னும் செருப்புப் போட்டிருக்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். மெமோ வாங்கியாகிவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்று இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"நான் வரலம்மா" என்றேன். "பாதி தூரம் வந்துட்டாருன்னு சிஸ்டர் சொன்னப்ப நான் பந்தியில உக்காந்து பாயசம் சாப்பிட்டுகிட்டு இருந்தேன். ரெண்டு தடவை. சாவி என் பையிலதான் இருந்துச்சு. நான் மறந்துட்டேன். அந்தக் கன்னாபின்னா மூச்சும் நான்தான்."

கணவன் கையை எடுத்துக்கொண்டான். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நீங்க சொன்னது பொய்யா சிஸ்டரம்மா?"

"பொய்தான் தாயி" என்றார் சிஸ்டர். "அந்நேரத்துக்கு வேற ஒன்னும் கையில இல்ல."

அந்தப் பெண் பலாப்பழத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கத்தியை எடுத்து, எண்ணெய் தடவி, பழத்தை அறுக்க ஆரம்பித்தாள். முதல் சுளையை சிஸ்டரிடம் கொடுத்தாள். அடுத்ததை எடுத்து, ஒரு கணம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, என்னிடம் நீட்டினாள். எல்லோர் முன்னாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சிஸ்டரின் அந்தப் பொய்யைப் போல என்னைப் பற்றி யாரும் அவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை, அந்தப் பெண் அதை நம்பித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.